பழந்துணி

போன வாரம் சம்பந்தி சின்னப்பிள்ளை கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று கேட்ட கேள்வியை நீங்கள் மறந்திருக்கலாம். உங்களுக்கு ஆயிரம் வேலை. தங்கமுத்துவுக்கு வாரம் முழுக்க அந்த ஒரு கேள்விதான் வேலை.

"பொம்பளை இல்லாத வீடு. சரி, அதக்கூட விடுங்க. வலி எடுத்தா ஓடிப்போயி ஒரு ஆளக் கூட்டியார ஒரு வண்டி ஓடுதாண்ணே ஒங்க வீட்டுல?"

"நூத்தியெட்டுக்குப் போன் பண்ணா வந்துரும் தங்கச்சி."

"அது வர்ற வரைக்கும்?"

தங்கமுத்துவின் மகள் சுடர்விழிக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு அன்னவாசலுக்கு, அப்பா வீட்டுக்கு, வந்திருக்க வேண்டியவள். தாய் இல்லாத வீட்டுக்கு எதை நம்பி அனுப்புவது என்று மாமியார் சின்னப்பிள்ளை அவளைத் திருவரங்குளத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டாள். சுடர்விழியின் அம்மா மீனாள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கெழம வாரோம். வந்து முடிவு சொல்றோம்" என்று சொல்லிவிட்டுத்தான் சின்னப்பிள்ளை காரில் ஏறினாள்.

இன்று அந்த ஞாயிறு.

தங்கமுத்து சும்மா இருக்கவில்லை. உள் அறைக்கு வெள்ளை அடித்திருந்தார். ஃபேனை மாற்றியிருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்ட வருவதாக எதிர்வீட்டு அன்புமொழியிடம் வாக்கு வாங்கியிருந்தார். போனில் வீடியோ பார்த்துப் பூண்டுக்குழம்பு வைக்கப் பழகி, வேறு யாரும் சாப்பிட இல்லாததால் அதையே தினமும் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பெறாமலே மனுஷனுக்குப் பத்தியம் நடந்துகொண்டிருந்தது.

வண்டிதான் பாக்கி.

வண்டி கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. கடைசியாக மீனாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, அவளில்லாமல் திரும்பி வந்த அன்று நிறுத்தியது. அதன் பிறகு அவர் எங்கே போனாலும் பஸ்தான், இல்லையென்றால் நடைதான். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுத்த காலமெல்லாம் அவரைச் சுமந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சுற்றுவட்டாரத்துச் செம்மண் அத்தனையும் ஆயிலோடு குழைந்து இன்ஜினில் அப்பிக் கிடந்தது. மேலே ஒட்டடை. இன்ஜின் எங்கே முடிகிறது, அழுக்கு எங்கே தொடங்குகிறது என்று தொட்டுப் பார்த்தாலும் தெரியாது.

விடிந்ததும் ஆரம்பித்தார். வண்டியைத் தள்ளிவந்து வேப்பமர நிழலில் நடு ஸ்டாண்ட் போட்டார். சைலன்சர் வாயில் பழைய பேப்பரைத் திணித்து, கார்புரேட்டரைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டினார். முதலில் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். செயின் பல்சக்கரத்து மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கேப்பைக் களி உருண்டை போல் கறுப்பாக ஒன்று விழுந்தது. அப்புறம் எதிர்வீட்டு டிராக்டரிலிருந்து கேட்டு வாங்கிய டீசலைப் பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு இன்ஜின் முழுக்கப் பூசி ஊறவிட்டார்.

இன்ஜினின் தகடுகளுக்கு இடையில் பெயின்ட் பிரஷ் நுழையவில்லை. பல் விளக்குகிற பிரஷ்தான் அதற்குச் சரி. குளியலறையில் போய்ப் பார்த்தார். டம்ளரில் இரண்டு பிரஷ் இருந்தன. மீனாளின் பிரஷ் அப்படியே இருந்தது. அதை எடுக்க மனம் வராமல் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். பிசுக்கு இளகிக் கறுப்பு ஒழுகியது. இனித் துடைக்க வேண்டும். அதற்குத்தான் நேற்றே ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது மீனாளோடு போய்விட்டது. கொஞ்சநஞ்சம் தெரிந்தவள் சுடர்விழிதான். நேற்றுச் சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"ஏம்மா, வீட்டுல பழந்துணி ஏதும் இருக்கா?"

அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"பீரோவுக்கு மேல மஞ்சப்பையில வச்சிருக்கேம்ப்பா. நீங்களாவா கேக்குறீங்க?"

"நானாத்தான் கேக்குறேன். இங்க வேற யாரு இருக்கா கேக்க?"

"தொவச்சுத்தான் வச்சிருக்கேன். எதுக்கும் ஒரு வெயில் காமிச்சிருங்கப்பா."

வண்டி துடைக்கிற துணிக்கு எதற்கு வெயில் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்த வாரம் நமக்குச் சொல்ல இவ்வளவு இருந்திருக்காது. மாசமா இருக்கிற பிள்ளை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டார்.

மஞ்சப்பையில் துணிகள் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்திருந்தன. பஞ்சு மாதிரி மெத்தென்ற காட்டன். டீசலையும் ஆயிலையும் தொட்டவுடன் உறிஞ்சிக்கொண்டது. முதல் துணி கறுத்ததும் அடுத்தது. அது கறுத்ததும் அடுத்தது. அலுமினியம் மெல்ல மெல்ல வெளியே வந்தது.

பாதி வேலையில் ஒரு துணியைப் புரட்டினார். ஓரத்தில் கரை தெரிந்தது. அரக்குக் கரை. உடம்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி.

மீனாளின் சுங்குடிச் சீலை.

கை நின்றது. பிறகு தானாகவே திரும்ப நகர்ந்தது. மீனாள் இருந்தபோதும் அவளுடைய பழைய சீலைதான் இந்த வண்டிக்குத் துணி. அவளே உட்கார்ந்து கிழித்துத் தருவாள். "என்னையத் தொடச்சதவிட இந்த வண்டியத்தான் நீங்க நெறையத் தொடச்சிருக்கீங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அவர் துடைப்பார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அவருக்கு மீனாளைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஒரே ஒரு தடவை, முக்காலியில் உட்கார்ந்த மேனிக்கு. துணியை முகத்தருகே கொண்டுபோனார். டீசல் வாடைதான் வந்தது.

அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. அவள் கூட உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாக எடுத்து, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். பை காலியானது. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். செயினுக்குப் புது ஆயில் விட்டார். இன்ஜின், புதிதாக எடுத்து வந்த அன்று இருந்ததுபோல் வெள்ளையாக நின்றது.

"பாத்தியா" என்றார் வாய்விட்டு.

வேப்பமரத்தில் ஒரு காக்கா இருந்தது. அதுவும் பறந்துபோனது.

பின்சீட்டை மட்டும் அவர் தொடவில்லை. மீனாள் உட்கார்ந்த இடம். அதில் படிந்த புழுதி அப்படியே இருந்தது.

வாசலில் கார் சத்தம் கேட்டது.

கை கழுவக்கூட நேரமில்லை. மருமகன் செம்மல் காரை நிழலில் விட்டுவிட்டு "மாமா, இந்தா வந்துர்றேன்" என்று போனைக் காதில் வைத்தபடி தெருப் பக்கம் நடந்தான். சின்னப்பிள்ளை ஒரு சீப்புப் பழமும் பூவுமாக இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சுடர்விழி, இடுப்பில் ஒரு கை ஊன்றி, மெல்ல மெல்ல. முகம் வீங்கியிருந்தாலும் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

சின்னப்பிள்ளை நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டாள்.

"அட, வண்டியப் பாருங்களேன்! நான் ஏதோ வாய்க்கு வந்தபடி கேட்டுட்டுப் போனேன். அதுக்குன்னு இம்புட்டுப் பாடா அண்ணே?"

"ஓடும் தங்கச்சி. ஒதச்சா ஓடிரும்" என்றார் தங்கமுத்து. கறுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வண்டி கெடக்கட்டும்ண்ணே. நான் சொல்ல வந்ததே வேற." சின்னப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேச எனக்குத் தெரியாது. இவள இங்க விடக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி வந்து நிக்கிறா. 'அத்தை, எங்கப்பாவே போன் போட்டுப் பழந்துணி கேட்டாரு'ங்குறா. சொல்லயில அழுதுட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு."

தங்கமுத்து புரியாமல் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பிள்ளைகளப் பெத்தவதான். பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, வாழ்ந்தவுக உடுத்துன பழந்துணிலதான் சுத்தி வாங்கணும்னு எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு ஆம்பளைக்கு இது தோணியிருக்கு பாருங்க. அப்ப அந்த வீட்டுல தாயி இருக்கான்னுதானே அர்த்தம்? வர்ற பொதங்கெழம நாள் நல்லாருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

கேட்க வேண்டும் என்று ஏங்கிய வார்த்தை. ஒரு வாரத் தூக்கத்தை விற்றுக் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்த அதே நொடியில் அவர் பார்வை வண்டியடியில் கிடந்த கறுத்த துணிக் குவியலுக்குப் போனது.

பழந்துணி.

"துணி எங்கப்பா? வெயில்ல போட்டீங்களா?" சுடர்விழி கொடியைப் பார்த்தாள். கொடியில் அவருடைய பனியன் இரண்டும் நைந்த வேட்டி ஒன்றும்தான் காய்ந்துகொண்டிருந்தன.

தங்கமுத்து காலால் துணிக் குவியலை வண்டிக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அவருக்கு மறைக்கத் தெரியாது. தள்ளின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளும் அங்கேயே பார்த்தாள். மஞ்சப்பை காலியாக, கறுப்புக் கைரேகையோடு கிடந்தது.

"அத எடுங்கப்பா" என்றாள். அவளால் குனிய முடியாது.

"அழுக்கும்மா..."

"எடுங்க."

எடுத்தார். அரக்குக் கரையில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சமிருந்தது.

"நான் வண்டிக்குத் தொடைக்கத்தாம்மா கேட்டேன்" என்றார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தவறி விழுந்துவிட்டது என்றோ, பூனை இழுத்துவிட்டது என்றோ. பொய்க்கு முன்னால் உண்மை வந்து விழுந்துவிட்டது. "எனக்கு அந்த நெனப்பே வரலம்மா. பழந்துணின்னா எனக்கு..."

"நீங்களாவா கேக்குறீங்கன்னு நான் கேட்டேனேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தீபாவளிக்கு வந்தப்ப நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. அப்பத்தான் கிழிச்சேன். அம்மா உடுத்துனது. வெந்நியில போட்டு, மூணு தண்ணி அலசி... இங்கனதானே வரப்போறோம், இங்கனயே இருக்கட்டும்னு வச்சேன்."

"இப்பவே தொவச்சுர்றேம்மா. சோடாவப் போட்டு அவிச்சு..."

"டீசல் பட்டதப் பச்சப்புள்ள மேல போடுறதாண்ணே?" என்றாள் சின்னப்பிள்ளை. அவள் குரலில் கோபம் இல்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் போய், போன வாரத்து முகம் வந்திருந்தது. "ஒங்க மேல தப்புன்னு நான் சொல்லல. ஒரு வார்த்த சொன்னா, அது எந்த வார்த்தன்னு தெரிஞ்சுக்க ஒரு பொம்பளை வேணும்ண்ணே வீட்டுல. நான் பயந்தது இதுக்குத்தான்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் தங்கமுத்துவால் மறுக்க முடியவில்லை.

"பொதங்கெழம..." என்று இழுத்தார்.

"அப்பறம் பேசிக்கிடுவோம்."

"காப்பியாச்சும் குடிச்சிட்டு..."

"இருக்கட்டும்ண்ணே. இன்னொரு நாளைக்கு."

சின்னப்பிள்ளை பழத்தையும் பூவையும் உள்ளே சாமி படத்தடியில் வைக்கப் போனாள். தங்கமுத்து அவள் பின்னாலேயே போய் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். வெள்ளை அடித்த அறையைத் திறந்து காட்டினார். ஃபேனைப் போட்டுக் காட்டினார். அது சத்தமில்லாமல் சுற்றியது. இருவரும் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள்.

சுடர்விழி கொல்லைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். போகிற போக்கில் வண்டிப் பக்கம் நின்று இன்ஜினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்லாத் தொடச்சிருக்கீங்கப்பா" என்றாள்.

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் கார் திரும்பிவிட்டது.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். சோப்புத் தூள், சலவைச் சோடா, எலுமிச்சம்பழம், கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அந்தத் துணிகளை அவித்தார். கல்லில் போட்டுக் கசக்கினார். மறுபடி அவித்தார். தண்ணீர் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்து அதற்கு மேல் தெளியவில்லை. இன்ஜினில் இருந்த அழுக்கு முழுவதும் மீனாளின் சீலைக்கு மாறியிருந்தது. அதை எடுக்க இனி எந்தத் துணியும் கிடையாது.

வெயில் தாழ்ந்த நேரத்தில், ஒவ்வொன்றாகப் பிழிந்து உதறிக் கொடிக்குக் கொண்டுபோனார். இந்தப் பிள்ளைக்கு ஆகாவிட்டாலும் மீனாளுடையது. கொட்டகையில் எறிய மனம் வரவில்லை.

கொடியில் பனியன் இரண்டும் இருந்தன. வேட்டி இல்லை.

காற்றில் பறந்திருக்கும் என்று வேலிப் பக்கம் தேடினார். அன்றைக்குக் காற்றே இல்லை. பனியன்கள் போட்டது போட்டபடி தொங்கின. வேட்டிக்குப் போட்டிருந்த கிளிப் இரண்டும் குழாய்த் திட்டின் மேல், யாரோ பார்த்து வைத்த மாதிரி, பக்கம் பக்கமாக இருந்தன.

அவர் அந்தக் கிளிப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுடர்விழி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பவே வந்து சேந்துட்டோம்ப்பா. இப்பத்தான் பேச முடிஞ்சுது."

"சரிம்மா. சாப்ட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு" என்றார். இந்தப் பொய் மட்டும் சுலபமாக வந்தது. "ஏம்மா, கொடியில கெடந்த என் வேட்டி ஒண்ணக் காணோம்."

"நாந்தாம்ப்பா எடுத்தாந்தேன்."

"அதையா? அது இத்து நூல் நூலாக் கெடக்கேம்மா. பீரோவுல நல்லதாவே இருந்துச்சே. சொல்லியிருந்தா..."

"பழசுதாம்ப்பா வேணும்."

தங்கமுத்து திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் பேரப்பிள்ளை தன் வேட்டியில் கண் விழிக்கப்போகிறது. மகள் மன்னித்துவிட்டாள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தச் சந்தோஷம் நெஞ்சில் ஏறி நிற்பதற்குள் அடுத்த நினைப்பும் வந்துவிட்டது. இங்கே வருகிறவளாக இருந்தால் துணியை அங்கே கொண்டுபோவானேன்? புதன்கிழமை இல்லை. வெள்ளை அடித்த அறைக்கு யாரும் வரப்போவதில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தார். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

"இன்னும் ஒதச்சுப் பாக்கலம்மா. மனசு வரல."

"பாத்துருங்க. இன்னைக்கே பாத்துருங்க." குரல் இன்னும் தாழ்ந்தது. "ராத்திரி போனை சைலன்ட்டுல போட்டுறாதீங்கப்பா."

"ஏம்மா? என்ன பண்ணுது ஒனக்கு? மாப்ளகிட்டச் சொன்னியா?"

"ஒண்ணுமில்லப்பா. நீங்க..."

பின்னால் சின்னப்பிள்ளையின் குரல் கேட்டது. "சொடரு, அங்கிட்டு மூலையில நின்னு யாருகூடப் பேசிக்கிட்டிருக்க?"

போன் அறுந்தது.

தங்கமுத்து திரும்பப் போடவில்லை. போட்டால் அவளுக்குத்தான் சங்கடம். எழுந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். சைலன்சர் வாயில் திணித்ததை உருவினார். பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். முதல் உதைக்கு வண்டி இருமியது. இரண்டாவதற்கு வெள்ளைப் புகை கக்கி அடங்கியது. அதற்கடுத்த உதைக்குப் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் சத்தமே கேட்காத வீடு. கொல்லையிலிருந்து வாசல் வரைக்கும் அந்தச் சத்தம் நிறைந்து நின்றது.

டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சமாகச் சலசலத்தது. ராத்திரி அவள் கூப்பிட்டால் திருவரங்குளம் போய்வர அது போதாது. பங்க் அடைப்பதற்குள் போனால் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஹேண்டிலைப் பிடித்தவர், மறுபடி நின்றார். பின்சீட்டில் புழுதி அப்படியே இருந்தது. மீனாளின் சீலையை விட்டால் துடைக்க வீட்டில் ஒரு துணி மிச்சமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மீனாள் உட்கார்ந்த அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். துண்டு செம்மண் நிறமானது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.